மரவட்டைக்குப் பெயர் வைப்பவர்

சோமனூர் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தீவுகளில் மரவட்டை தேடிப்பிடித்துப் பெயர் வைக்கும் ஆராய்ச்சியாளர். மொடமொடப்பான காட்டன் புடவை. அந்தமான் வெயிலில் கறுத்த முகம். பேருந்து குலுங்கும்போதெல்லாம் கையிலிருந்த கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்வார். உள்ளே ஸ்பிரிட்டில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது.

"புது இனமாட்டத்தான் இருக்குதுங்க" என்றார்.

"அப்ப பேர் வெச்சுப்போடுங்க."

"அதெப்படிங்க? ஆணோட ஏழாவது வளையத்துக் காலைப் பார்த்துத்தான் இன்ன இனம்னு சொல்லோணும். எனக்குப் பொட்டையாவே கெடைக்குதுங்க. ஆண் ஒண்ணு சிக்கற வரைக்கும் இதுக்குப் பேரில்லை. அடுத்த மழைக்கும் போவோணும்."

"பாவமுங்க" என்றேன். சிரித்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சிலிண்டர் கொண்டுவந்தவர் வீடு தெரியாமல் நிற்கிறார் போலிருந்தது.

"எஞ்சினியர் ஊட்டம்மாதானுங்க பேசறேன். தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

குப்பியைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் மரவட்டை ஊர்ந்தால் அவர் நினைவு வருகிறது. நினைவிலும் எஞ்சினியர் வீட்டம்மாவாகத்தான் வருகிறார்.