இடது பின் சக்கரம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். படத்தில் தெரிவதை மட்டும் நம்புகிற ஆள். இது நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. சாயங்காலம் ஆறேகால் மணி, சுற்றிலும் நூறு பேர்.

என்னிடம் அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. கூரை கிடையாது, இரண்டே சீட். ஆறு வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கடியில்தான் கழிந்தன. பழைய கார்களுக்கான பந்தயத்தில், என்னைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்களோடு ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. துணைக்கு என் மனைவியின் தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். ஸ்பேனருக்கு எந்தப் பக்கம் வாய் என்று கேட்கிற ரகம்.

ஒரு காருக்கு ஓர் ஓட்டுநர்தான். புதியவர்களில் யார் ஓட்டுவது என்பதைப் பந்தயத் திடலின் பயிற்சியாளர் முடிவு செய்வார். காலையில் இருவரும் ஐந்தைந்து சுற்று ஓட்டினோம். என்னுடைய நல்ல சுற்று ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. அவனுடையது ஐம்பத்து நான்கு. என் காரில்.

“தம்பி ஓட்டட்டும். நீங்க சக்கரத்தப் பாத்துக்குங்க” என்றார் பயிற்சியாளர்.

வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க இல்லன்னா நான் ஏது மாமா” என்றான். இன்னும் எரிந்தது. போனில் என் மனைவி முதலில் அவனிடம்தான் பேசினாள். எனக்கு வந்தது, “அவனைப் பத்திரமாப் பாத்துக்குங்க” மட்டும்.

அந்தக் கார்களில் சக்கரத்துக்கு ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதில் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் காதைச் செம்புச் சுத்தியால் காரின் பின்பக்கமாக அடித்தால் இறுகும். முன்பக்கமாக அடித்தால் கழலும். கடைசி மூன்று அடியை ஒரே ஆள்தான் அடிக்க வேண்டும். பிறகு நட்டையும் சக்கரத்தையும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கார் கிளம்பும்வரை சுத்தி அந்த ஆளின் கையை விட்டுப் போகக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம்.

எங்கள் சுத்தியின் கைப்பிடியில் ஒரு விரிசல். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு கிரீச் வரும். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

6.05. நான்கு சக்கரமும் முடித்துக் கோடு போட்டேன். 6.30க்கு, மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. சுத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் கார் நின்ற ஷெட்டுக்கு எதிரே இருந்த டீ வண்டி வரிசையில் நின்றேன். நாளை அவன் கோப்பையோடு வீட்டுக்கு வருவதையும், எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டு அவனிடம் ஓடுவதையும் நினைத்துக்கொண்டே நின்றேன்.

6.14.

டங்... கிரீச்.

டங்... கிரீச்.

டங்... கிரீச்.

முதுகுக்குப் பின்னால், எங்கள் ஷெட்டில்.

திரும்பினேன். யாருமில்லை. சுத்தி என் கக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கைப்பிடி அதிர்ந்துகொண்டிருந்தது.

ஷெட்டுக்குள் போனேன். பெட்ரோல் வாசனைக்கு நடுவே ஒரு சோப்பு வாசனை. என் எக்ஸ்ரே அறையில் நான் கை கழுவுகிற சோப்பு. இடது பின் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு உடைந்திருந்தது. நட்டு இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

மறுபடி இறுக்கினேன். புதுக் கோடு போட்டேன். வாசலில் போய் நின்றேன்.

6.21.

டங்... கிரீச்.

இந்த முறை உடனே திரும்பினேன். யாருமில்லை. சக்கரத்தில் அந்தக் காது மட்டும்... மெதுவாக... முன்பக்கம் சாய்ந்தது.

கால் நகரவில்லை.

அப்போது ஹெல்மெட்டோடு அவன் வந்தான்.

“மாமா, சக்கரம் ஓகேவா?”

“ஓகே.”

என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை என்று சொல்ல ஆசை. முடியவில்லை.

6.28. என்ஜின் உறுமியது.

கார் நகர்ந்தது.

அவன் கை காட்டினான்.

உள்ளே ஏதோ சொன்னது... ‘போகட்டும், விடு.’

என் குரல்.

ஓடினேன். காருக்கு முன்னால் போய் விழுந்தேன். பம்பர் முழங்காலில் இடித்து நின்றது.

“இறங்குடா.”

பயிற்சியாளர் வந்து குனிந்தார். இரண்டே விரலால் அந்த நட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அதோடு எங்களுக்குப் பந்தயம் இல்லாமல் போயிற்று. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியின் உயிரைக் காப்பாற்றியவன் என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் ‘ஓகே’ சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நட்டு எப்படிக் கழன்றது என்பது யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, அன்று அங்கே படமெடுத்தவர் எல்லோருக்கும் படங்களை அனுப்பினார். ஓரத்தில் நேரம் அச்சாகியிருக்கும். மைத்துனன் ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான்.

மணி 6.14. டீ வண்டி வரிசை. முன்னால் நான், கக்கத்தில் சுத்தி, முகத்தில் கடுகடுப்பு. எனக்குப் பின்னால் எங்கள் ஷெட். உள்ளே இடது பின் சக்கரத்தருகே ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். என் சட்டை. என் வழுக்கை. ஓங்கிய கையில் கைப்பிடி விரிசல் விட்ட அதே சுத்தி. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்ததே இல்லை.

எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையில் படத்தை வைத்து நெடுநேரம் பார்த்தேன். மைத்துனன் கதவருகிலேயே நின்றான். என் பக்கத்தில் வரவில்லை.

“மாமா,” என்றான் மெதுவாக. “இதுல எது நீங்க?”