மெக்சிகோ அமைச்சருக்கு ஊதுபத்தி

பெர்லினின் நொய்கெல்ன் பகுதி. வெளியே மெக்சிகோ உணவகம் என்று பலகை தொங்குகிறது; உள்ளே கறிவேப்பிலை தாளிக்கும் வாசம் வருகிறது. கல்லாவுக்கு மேலே தாடிக்காரர் ஒருவரின் பழைய படம். அதற்குச் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, ஊதுபத்தி.

படத்தின் கீழே அவர் வரலாறு ஜெர்மனில் ஒட்டியிருக்கிறது. அரைகுறையாகப் படிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர், தாராளவாதக் கட்சி அமைச்சர். தேவாலயச் சொத்துகளை அரசுடைமையாக்கப் போராடி, பாதிரியார்களின் சாபத்தோடு நாடுகடத்தலையும் சம்பாதித்தவர். பூசாரிகளோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழித்த மனிதருக்கு இங்கே தினமும் பூசை. இப்படியொரு தண்டனை எந்தப் பாதிரியாருக்கும் தோன்றியிருக்காது.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரைத் திருத்தியே தீருவது என்று ஆரம்பிக்கிறேன்.

"அண்ணே, இவர் சாமி இல்ல, அரசியல்வாதி."

"ஓம் தம்பி, தெரியும். முந்திக் கடை வைச்சிருந்த மெக்சிகோக்காரர் விட்டிட்டுப் போன படம். வடிவா வாசிச்சுப் போட்டுத்தான் மாலை போட்டனான்."

"அப்புறம் எதுக்குப் பூசை?"

"கடைசி வரியை வாசிக்கேல்லையோ? நிதியமைச்சரா இருந்தும் ஏழையாத்தான் செத்தவராம். இதைவிட என்ன அற்புதம் வேணும்? உங்கட ஊரில இப்ப இருக்கிற அமைச்சர்மாரில அப்பிடி ஒராள் இருந்தால் படம் அனுப்புங்கோ. பக்கத்தில ஆணி அடிச்சு வைச்சிருக்கிறன்."

ஆணியைப் பார்க்கிறேன். அதில் கடைக்காரரின் குடை தொங்குகிறது.

குடை அங்கேயே இருக்கட்டும் என்கிறேன்.