எண்ணெய் படிந்த பள்ளத்து மண்

ஒரு கப்பலின் எண்ணெய் எங்கள் கடலில் கொட்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. தனுவச்சபுரத்திலிருந்து ஒரு டீச்சர் ஒவ்வொரு மார்ச்சிலும் காஞ்சிரங்குளம் பக்கத்துக் கரைக்கு வந்து என் வள்ளத்தில் ஏறுவார். எண்ணெய் படிந்த பள்ளத்தில் இரும்புப் பெட்டியை இறக்கி மண் எடுத்து, சல்லடையில் கழுவி, அதிலுள்ள உயிர்களை எண்ணுவார். இடம் காட்டுவது நான். பள்ளத்துக்கு நேரே வேறொரு ஊர்க் கரையிலுள்ள சர்ச் கோபுரமும் பின்னாலுள்ள குன்றின் பாறையும் ஒரே கோட்டில் வந்தால் அதுதான் இடம். அந்தப் பக்கம் வருடத்துக்கு ஒருமுறைதான் போவேன்.

முதல் வருடங்களில் சிவப்புப் புழுவைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த முறை சல்லடை நிறைய உயிர்! சிப்பி, கடல்முள்ளி, ஐந்து மெல்லிய கைகளை ஆட்டும் கடல் நட்சத்திரங்கள்.

"அண்ணா, எல்லாம் திரும்பி வந்தாச்சு!" டீச்சர் கைதட்டினார். ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படியே எழுதிவிடப் போவதாகவும் சொன்னார்.

எனக்கும் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கரையை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கோபுரம் வெள்ளையாக, புத்தம் புதியதாக நின்றது. பழையதை இடித்து, முற்றத்தின் மறுபக்கம் கட்டியிருக்கிறார்கள்! கரையில் பத்தடி மாறினால் அங்கே நூறடி மாறும். பள்ளத்தை விட்டு வெகுதூரம் வந்திருந்தோம்.

வள்ளத்தில் கூட வந்திருந்த மனைவியின் தம்பியிடம் விஷயத்தை முணுமுணுத்தேன்.

"அத்தான், சும்மா இரியும். அவங்க எவ்வளவு சந்தோசமா இருக்காங்க! பொண்ணு பாக்கப் போனவரு மாதிரி எதுக்கு நெளியுதீரு?"

டீச்சரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் நான் பேசியதில்லை. காது சுட்டது. "டீச்சரே, இடம் தப்பிப் போச்சு. புதுக் கோபுரத்தப் பாத்து நிறுத்திட்டேன்."

அவர் முகம் வாடியது. "பழைய இடம் தெரியுமா?"

"தெரியும், காட்டித் தாறேன்."

பழைய கோபுரத்தை ஒட்டி நின்ற ஓட்டுக் கட்டடம் அப்படியே இருந்தது. அதைப் பாறையோடு சேர்த்து வள்ளத்தை நிறுத்தினேன். பெட்டி மேலே வந்தது. கறுத்த மண். அடியில் இன்னும் லேசாக எண்ணெய் வாடை. கழுவக் கழுவப் புழுக்கள்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஓரத்தில் ஏதோ அசைந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நட்சத்திரம்!

"குட்டியாக்கும்!" டீச்சர் கத்தினார். "இந்த மண்ணுல ஒட்டி வளந்ததாக்கும் அண்ணா!"

யாரும் சொல்லாமலே மைத்துனன் பெட்டியை மறுபடி கடலில் இறக்கினான். கயிற்றின் மறுபாதியை நான் பிடித்துக்கொண்டேன்.