பின்னால் கட்டிய கைகள்

பெங்களூரில் ஒரு ஆடைக் கண்காட்சி. அங்கே பொம்மைக்கு மாட்டியிருந்த நீண்ட பட்டுக் கவுனின் கீழ் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. உடனே எனக்கு அம்மா ஞாபகம்.

அம்மா ஓசூரில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டி, உள்தையலைப் பார்த்து, பிசிறு நூலை வெட்டுவது வேலை. விடுமுறை நாளிலும் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஊர் சூளகிரியில் பஸ் ஏறி, பெங்களூர் மியூசியத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஒரு ராஜாவின் ஜரிகை அங்கியைச் சுற்றிக் கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். நான் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கயிற்றைத் தாண்டிக் குனிந்து, அங்கியின் ஓரத்தைப் புரட்டிவிட்டாள்.

“முட்டபேடம்மா!” தொடாதே என்று கன்னடத்தில் கத்தியபடி காவலர் ஓடிவந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

அம்மா அவரிடம் கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “உள்ள ஒரு பிசிறு இல்ல கண்ணு. தச்ச கை யாருதோ, நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அதன்பின் கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு துணியின் முன்னும் ஆசை தீர நின்றாள். அவளைப் பார்த்து நானும் கட்டிக்கொண்டேன்.

இன்று அந்தக் கவுன் முன்னாலும் அப்படியே நெடுநேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் கேட்டார்: “நீங்க ஆர்ட்டிஸ்டா?”

“இல்லீங்க,” என்றேன். “செக்கரோட பொண்ணு.”