தேர் திரும்பும் முனை

என் திரைக்கதையில் என்ன கோளாறு என்று சொல்வதற்காக ஒரு படக் கம்பெனிக்காரர் திண்டிவனம் வந்தார். வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நண்பர்களோடு பாண்டிச்சேரிக்குக் குடிக்கப் போகிற வழியில் காபிக்கு நிறுத்தினார். நான் விழுப்புரத்தில் வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே பைபாஸ் ஓட்டலுக்குப் போனேன்.

போனில் குறித்து வைத்திருந்த குறைகளைப் படித்தார். "மண்வாசனை பத்தல பிரதர். ஹீரோ ஏன் ஜெராக்ஸ் கடையில இருக்கான்? ஆடு மேய்க்கலாமே?"

"எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவரே பையனுக்கு ஜெராக்ஸ் கடையிலதான் சார் வேல தேடுறாரு."

சிரித்தார். குறித்துக்கொள்ளவில்லை. ஹீரோவின் அம்மாவுக்கு ஒரு நோய் கேட்டார். கேப்பைக் களி கிண்டுகிற காட்சி ஒன்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்து வருஷம் எழுதியதை முதல்முறையாக ஒருவன் படித்திருக்கிறான் என்றால் தலை தானாக ஆடும்.

பிறகு கடைசிக் காட்சிக்கு வந்தார். திண்டிவனம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே மாதா, ஒரே பூசை. ஆனால் திருவிழாவில் மாதா தேர் ஊர்த்தெருக்களை மட்டும் சுற்றிவிட்டு, எங்கள் காலனி முனையில் திரும்பிவிடும். உள்ளே வராது. நாங்கள்தான் மெழுகுவத்தியோடு முனைக்குப் போய்க் கும்பிட வேண்டும். கேட்டால் வழக்கம் என்பார்கள். தேர் அப்படித் திரும்புவதோடு என் கதை முடிகிறது.

"இது வேணாம் பிரதர். ஆடியன்ஸ் சந்தோஷமா வீட்டுக்குப் போவணும். தேர் காலனிக்குள்ள வரட்டும். ட்ரோன் ஷாட். இத மாத்திக் குடுங்க, படம் ஓகே. மாத்தலன்னா எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

மாற்றினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. நாலு தலைமுறை கேட்டும் நடக்காததை நான் நாலு பக்கத்தில் நடத்திவிட்டேன். எவ்வளவு பெரிய ஆள் நான்!

மறுநாள் என் மனைவி நிலக்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உடைக்கிற மில்லிலிருந்து வந்ததும் படித்துக் காட்டினேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"யோவ், தேர் எம்மாம் உசரம்?"

"இருவது அடி இருக்கும்."

"நம்ம தெரு கரண்ட்டு கம்பி?"

தாளைக் கீழே வைத்தேன்.

"ஊர்த்தெருவுல தேருக்கோசரம் எப்பவோ கம்பியத் தூக்கிக் கட்டிட்டாங்க. நம்ம தெருவுல வைக்கோல் ஏத்திக்கினு டிராக்டர் வந்தாலே ஒருத்தன் மூங்கில் கழியால கம்பியத் தூக்கிக்கினு முன்னால நடக்குறான். நீ பாட்டுக்கு மாதாவ உள்ள இட்டாந்துட்ட. கம்பியில மாட்டினா யாரு மேல கேசு போடுவான்? நம்ம மேலதான்."

"கதைடி அது."

"கதன்னா கரண்ட்டு அடிக்காதா?"

வாசலில் போய் நின்று பார்த்தேன். கம்பி தொய்ந்து கிடந்தது. நாற்பது வருஷம் அதன் கீழே நடந்திருக்கிறேன், பத்து வருஷம் இந்தக் கதையை எழுதியிருக்கிறேன், ஒரு வரியில்கூட அது இல்லை. தேர் இங்கே வரவேண்டும் என்று ஊரில் எவனாவது ஒருநாள் நினைத்திருந்தால் கம்பி மேலே போயிருக்கும். வராதே என்று யாரும் வாயைத் திறந்து சொல்லத் தேவையே இல்லை. இதைப் பார்க்காமல் நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கம்பெனிக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: "தேர் உள்ளே வராது. கம்பி தாழ இருக்கிறது."

உடனே கூப்பிட்டார். "இவ்ளோதானா பிரதர்? கம்பிய கிராபிக்ஸ்ல அழிச்சிடலாம்."

"அப்பிடியே எங்க தெருவுக்கும் ஒரு தபா வந்து அழிச்சிட்டுப் போங்க சார்."

"டென்ஷன் ஆவாதீங்க. பாசிட்டிவா யோசிங்க."

"யோசிச்சிட்டேன். மாத்த மாட்டேன்."

வைத்துவிட்டார். அதன் பிறகு என் போனை அவர் எடுப்பதில்லை. படம் போயிற்று. வருத்தமில்லை என்று எழுதினால், அவர் கேட்ட முடிவைவிடப் பெரிய பொய்யாக இருக்கும்.

பிறகு பழைய முடிவையே வைத்தேன். ஒன்று மட்டும் சேர்த்தேன். தேர் முனைக்கு வருகிறது. கேமரா மேலே போய்க் கம்பியைக் காட்டுகிறது. தேர் திரும்புகிறது. எடுக்கிறவன் எடுக்கட்டும். இனி ஒரு எழுத்தும் மாற்றுவதாக இல்லை.