அட்டைக்குப் பூசின சவுக்காரம்

இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்தவள். றொசல்லையிலிருந்து வந்த நாத்தனார் காமாட்சி, "அருவியைத் தூரத்திலேயே காட்டி அனுப்பிடுவீங்களா அண்ணி?" என்று கேலி பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம்.

அருவிக்குக் கிட்டத்தில் ஈரப் புல்லெல்லாம் இரத்தம் குடிக்கிற அட்டை. கொழுந்துக்குப் போகும்போது பூசுகிற மாதிரி அவள் காலில் சவுக்காரத்தை, சோப்புக் கட்டியைத்தான், தேய்த்தேன்.

"உள்ளங்கால்ல எதுக்கு அண்ணி, கூசுது."

"அடியில இருந்து விரல் இடுக்கு வழியாத்தான் அட்டை ஏறும். பேசாம இரு."

தேயிலைக்குள் மண்ணில் நடக்கிற காலுக்கு அது சரி. பாறையில் முதல் எட்டு வைத்ததுமே வழுக்கி விழுந்தாள். தண்ணீர் இழுக்குமுன் சேலையைப் பிடித்துவிட்டேன். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. றொசல்லைத் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள்.

"பாறை வழுக்கிடுச்சு" என்றுதான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். சவுக்காரத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் அருவிக்குப் போகிறவர்களைக் கண்டால் இப்போது கிட்டப் போய், "சவுக்காரம் பூசியிருந்தா காலைக் கழுவிட்டுப் பாறையில ஏறுங்க" என்கிறேன். ஏனென்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முதலாக எழுதுகிறேன்.