பளிச்சக்கா சொன்ன பொய்

ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். அவள் அலசிய விரிப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று வார்டு ஆயாக்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பிரசவ அறையிலிருந்தும் ஆபரேஷன் அறையிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் துணிகளைப் பிரித்து ஊறப்போடுவது அவள் வேலை. எந்தக் கறை பச்சைத் தண்ணீரில் விடும், எது சோப்புக்கும் அசையாது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் இஸ்திரி போட்டவள் நான்.

ஊரார் ரத்தத்தையெல்லாம் துவைத்தவளுக்குச் சொந்த வீட்டில் மாதம் ஐந்து நாள் இடமில்லை. மாமியார் வைத்த சட்டம் அது. அந்த நாட்களில் பின்பக்கத்துச் சாமான் அறையில் ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அடுப்பு, குடம், கட்டில், எதையும் தொடக்கூடாது. "தீட்டோட உள்ள வந்தா இந்த வீடு விளங்குமா?" என்பார் மாமியார். பஸ் ஓட்டும் கணவர், "அது பொம்பளைங்க விஷயம்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போயிற்று. ஐந்து நாள் பத்தாகி, பத்து இருபதானது. மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்பெதிரே நிற்க முடியாது. சமையல் முழுக்க, பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தலையில் விழுந்தது. ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கரண்டியுமாக அவள் திண்டாடுவதைத் தாய் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் நாள் கணவர் வந்து நின்று, "எப்பதான் உள்ள வருவே? பொண்ணு படிக்க வேண்டாமா?" என்றார். உனக்கு உடம்புக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே தலைக்குக் குளித்துவிட்டு, "நின்னுடுச்சு அத்தை" என்று சமையலறைக்குள் போனாள்.

நின்றிருக்கவில்லை. அந்தப் பொய்யைப் பதினாலு மாதம் இழுத்தாள். பேருக்கு மாதம் ஐந்து நாள் சாமான் அறையில் கிடந்துவிட்டு, மற்ற நாட்களில் கிழிந்த விரிப்புத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். எங்கள் வேலையிடத்துக் குப்பைக் கூடையில் அவள் சுருட்டிப் போட்டதை ஒருநாள் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"மாடியிலேயே டாக்டரம்மா இருக்காங்க. வாக்கா, நானும் கூட வரேன்."

"போனா சீட்டு எழுதுவாங்க. சீட்டு வீட்டுக்குப் போகும். இத்தனை மாசமா இந்தக் கையாலயா சமைச்சேன்னு கேப்பாங்க. நான் என்னடி சொல்றது?"

"உசுரு போயிட்டா?"

"போனா போகட்டும். பேரு போகக்கூடாது."

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மதியம், ஈரத்துணி மூட்டையைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். மேலே தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார் டாக்டரம்மா. "எத்தனை நாளா இப்படி?" என்று கண் விழித்தவளிடம் கேட்டார். தகவல் கேட்டு வந்த கணவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம், மாமியார் அந்தப் பக்கம்.

"இந்த வாரம்தான்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பதினாலு மாசமா, டாக்டர்."

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். "அப்ப நாங்க சாப்பிட்டதெல்லாம்?" என்றார். நேரே வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களையெல்லாம் வாசலில் கொட்டித் தேய்க்க ஆள் வைத்தார். சுவரைக்கூட விடாமல் கழுவினார்கள் என்று மகள் வந்து அழுதாள்.

கர்ப்பப்பையில் புற்று. அதை எடுத்தார்கள். ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை, பரவியிருந்தது. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பியவளிடம் மாமியார், "இனிமே தொல்லை விட்டுது. நீ எப்பவும் உள்ளயே இருக்கலாம்" என்றாராம், வரம் கொடுப்பதுபோல. அவள் அடுப்படிக்குப் போனாள். சமைத்தாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று அதுவரை விட்டுவைத்திருந்த மகளை அடுத்த மாதம் சாமான் அறைக்குப் போகச் சொன்னபோதுதான் அடுப்பை அணைத்தாள். "என் பொண்ணு அங்க போகமாட்டா. போனா நான் இந்த அடுப்பைப் பத்தவைக்க மாட்டேன்." கணவர் கத்தினார். மாமியார் பட்டினி கிடந்து பார்த்தார். மூன்று நாள் கடையில் வாங்கித் தின்றார்கள். நாலாம் நாள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருபது வருடத்தில் அந்த வீட்டில் அவள் ஜெயித்தது அது ஒன்றுதான்.

மறுவருடமே நோய் திரும்பியது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, "அன்னிக்கு நீ காட்டிக் கொடுத்துட்டேன்னு இன்னும் கோவம்தான்டி எனக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார், "என் மருமக மாதிரி சுத்தம் பார்க்கிறவ கிடையாது" என்று மூக்கைச் சிந்தினார். மகள் எழுந்து வெளியே போனாள். இப்போது வேறு ஊரில் நர்ஸுக்குப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குகிறாள்.